கொழும்பில் ஓட்டு, பாக் நீரிணையில் படகு: தமிழ்நாட்டு எம்.பி.க்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

மத்திய அரசு அமைச்சகம் ஒன்றில் பிரிவு அலுவலராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். தில்லி மயூர் விஹாரில் குடியிருக்கிறேன். எந்த அமைச்சகம் என்பது முக்கியமில்லை. அவையில் நீங்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிற மேசைகளில் ஒன்றில் உட்கார்ந்து தலை நரைத்தவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்சி எதிலும் இல்லை. மக்களவையில் உங்கள் 39 பேருக்கும், மாநிலங்களவையில் 18 பேருக்கும், பக்கத்திலேயே உட்காரும் புதுச்சேரிக்காரர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

விஷயம் இலங்கை அதிபர் தேர்தல். அது முடிந்துபோன சங்கதி ஆயிற்றே என்பீர்கள். 2024 செப்டம்பர் 21இல் ஓட்டுப் போட்டார்கள், 23ஆம் தேதி அநுர குமார திசாநாயக்க பதவியேற்றார், அடுத்த தேர்தல் 2029இல். அதற்குள் என்ன அவசரம் என்றும் கேட்பீர்கள். அந்த அவசரத்தைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

அமெரிக்கத் தேர்தல் என்றால் தில்லி ராத்திரியெல்லாம் விழித்திருக்கிறது. பென்சில்வேனியாவில் எந்த மாவட்டம் யார் பக்கம் சாய்கிறது என்று நம்ம ஊர் டி.வி.யில் வகுப்பு எடுக்கிறார்கள். தப்பில்லை. 2024 நவம்பரில் அங்கே போட்ட ஓட்டுதான் 2025 ஆகஸ்ட் 27ஆம் தேதி 50 சதவீத வரியாகத் திருப்பூர் பனியன் கம்பெனிகள் தலையில் வந்து விழுந்தது. வரி விழுந்த பிறகு நீங்கள் அவையில் எழுந்தீர்கள், கடிதம் எழுதினீர்கள், பேட்டி கொடுத்தீர்கள். அதற்கு முந்திய பத்து மாதத்தில் திருப்பூருக்காக யார் என்ன குறிப்பு தயார் செய்தார்கள் என்று கேட்டால் பதில் கொஞ்சம் சங்கடமாக இருக்கும். சரி, வாஷிங்டன் தூரம். கொழும்பு அப்படியா? ராமேஸ்வரத்திலிருந்து தில்லிக்கு ரயிலில் வருவதற்குள் கொழும்புக்குப் போய்த் திரும்பிவிடலாம்.

அங்கே ஒரு ஆள் மாறினால் இங்கே என்னென்ன மாறும் என்பதற்குப் பழைய கணக்கு நிறைய இருக்கிறது. 1987 ஜூலையில் ஜெயவர்த்தனா ராஜீவ் காந்தியோடு ஒப்பந்தம் போட்டார், இந்திய அமைதிப்படை போனது. ஒப்பந்தத்தை எதிர்த்து அந்த விழாவுக்கே வராமல் இருந்தவர் அவருடைய பிரதமர் பிரேமதாசா. 1988 டிசம்பர் அதிபர் தேர்தலில் அவரே வென்றார். 1989 ஜூன் மாதம், ஜூலை முடிவதற்குள் படை வெளியேற வேண்டும் என்று பகிரங்கமாக அறிவித்தார். கூப்பிட்டதும் ஓர் அதிபர், போகச் சொன்னதும் ஓர் அதிபர். நடுவில் நம் பக்கம் ஏறத்தாழ 1,200 சிப்பாய்கள் செத்திருந்தார்கள். கடைசிக் கப்பல் 1990 மார்ச்சில் திரும்பியது.

2005 இன்னொரு பாடம். வடக்கில் புலிகள் தேர்தலைப் புறக்கணிக்கச் சொன்னார்கள். யாழ்ப்பாண மாவட்டத்தில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட ஓட்டுப் போடவில்லை. ஏறக்குறைய ஒரு லட்சத்து எண்பதாயிரம் ஓட்டு வித்தியாசத்தில் ரணில் விக்கிரமசிங்க தோற்றார், மகிந்த ராஜபக்ச வந்தார். அதற்குப் பிறகு 2009 மே வரை நடந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தமிழர் போடாத ஓட்டும் அந்த நாட்டில் அதிபரைத் தீர்மானித்திருக்கிறது.

அப்புறம் துறைமுகக் கணக்கு. 2014இல் சீன நீர்மூழ்கிக் கப்பல் கொழும்பில் வந்து நின்றது, தில்லிக்குத் தூக்கம் போனது. 2015 ஜனவரியில் சிறிசேன வென்றார், மார்ச்சிலேயே பிரதமர் மோடி இலங்கை போனார், யாழ்ப்பாணத்துக்கும் போனார். 2019 மே மாதம் கொழும்பு கிழக்கு முனையத்தை இந்தியாவும் ஜப்பானும் சேர்ந்து கட்ட ஒத்துக்கொண்டார்கள். அந்த நவம்பரில் கோத்தபய ராஜபக்ச அதிபரானார், 2021 பிப்ரவரியில் அந்த ஒப்பந்தம் ரத்து. பதிலுக்கு மேற்கு முனையம் அதானி கைக்கு வந்தது. மாலத்தீவிலும் இதே கதைதான். ‘இந்தியாவே வெளியேறு’ என்ற பிரசாரத்தோடு 2023 செப்டம்பரில் முய்சு வென்றார், 2024 மே 10க்குள் நம் வீரர்கள் அங்கிருந்து கிளம்பியாயிற்று. அதே முய்சு அக்டோபரில் தில்லிக்கு வந்து 40 கோடி டாலர் நாணயப் பரிமாற்ற உதவி வாங்கிப் போனார் என்பது தனிக் கதை.

இதிலிருந்தெல்லாம் தில்லி ஒன்று கற்றுக்கொண்டது. ஜெயிக்கிறவரோடு பேச ஜெயிக்கும்வரை காத்திருக்கக் கூடாது என்பதுதான் அது. திசாநாயக்கவின் கட்சியான ஜே.வி.பி. (ஜனதா விமுக்தி பெரமுன) யார் என்று நினைத்துப் பாருங்கள். இந்திய விஸ்தரிப்புவாதம் என்று தொண்டர்களுக்கு வகுப்பே நடத்திய கட்சி. 1987 ஒப்பந்தத்தை எதிர்த்து ஆயுதம் எடுத்த கட்சி. 2019 தேர்தலில் அவருக்குக் கிடைத்தது 3 சதவீதத்துக்குச் சற்று மேல். அப்படிப்பட்டவரை 2024 பிப்ரவரியிலேயே, தேர்தலுக்கு ஏழு மாதம் முன்னால், இந்திய அரசு விருந்தாளியாக அழைத்தது. வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் பார்த்தார், தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் தோவல் பார்த்தார். அகமதாபாத்துக்கும் திருவனந்தபுரத்துக்கும் கூட்டிப்போனார்கள். செப்டம்பரில் அவர் 42 சதவீதம் வாங்கி, யாருக்கும் பாதி கிடைக்காததால் அடுத்த விருப்பு வாக்கையும் எண்ணி ஜெயித்தார். அக்டோபர் 4ஆம் தேதி ஜெய்சங்கர் கொழும்பில் இருந்தார். டிசம்பரில் அவருடைய முதல் வெளிநாட்டுப் பயணமே தில்லிக்கு. இந்தியாவின் நலனுக்கு எதிராக எங்கள் மண்ணைப் பயன்படுத்த விடமாட்டோம் என்று தில்லியிலேயே நின்று சொன்னார். 2025 ஏப்ரலில் பிரதமர் மோடி அங்கே போனபோது பாதுகாப்பு உடன்பாடு கையெழுத்தானது, திருகோணமலை எரிசக்தி மையம் பற்றிய உடன்பாடும் கையெழுத்தானது. வேலை என்றால் இப்படித்தான் செய்ய வேண்டும். குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

ஆனால் அந்த பிப்ரவரிப் பயணத்தை இன்னொரு தடவை படியுங்கள். தில்லி, அகமதாபாத், திருவனந்தபுரம். சென்னை இல்லை. ராமேஸ்வரம் இல்லை. நாளைக்கு அதிபராகக்கூடிய ஒருவர் ஐந்தாறு நாள் இந்தியாவில் சுற்றியிருக்கிறார், தமிழ்நாட்டு எம்.பி. ஒருவராவது அவரோடு உட்கார்ந்து மீன்பிடிப் பிரச்சினையைப் பேசியதாக நான் எந்தப் பேப்பரிலும் படிக்கவில்லை. அழைக்கவில்லை என்று நீங்கள் சொல்லலாம். அழையுங்கள் என்று கேட்டீர்களா?

கொழும்பில் அதிபர் மாறும்போது தில்லியின் கையில் ஒரு பட்டியல் தயாராக இருக்கிறது. கப்பல், முனையம், எண்ணெய்க் கிடங்கு, மின்கம்பி. அதில் தமிழ்நாட்டுக்கு என்று எழுதப்படுவது ஒரு வரி. ‘மீனவர் பிரச்சினையை மனிதாபிமான அடிப்படையில் அணுக வேண்டும்.’ அந்த வரியை எனக்கு நன்றாகத் தெரியும். பல வருஷமாக அதன் அண்ணன் தம்பிகளை நானே எழுதியிருக்கிறேன். அந்த ஒரு வரியை ஒரு பக்கமாக்க வேண்டியவர்கள் நீங்கள்.

2024 அக்டோபரில் ராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து சில மீனவக் குடும்பங்கள் மனு கொடுக்கத் தில்லி வந்திருந்தார்கள். மனுவை இங்கிலீஷில் எழுதித் தர ஆள் வேண்டும் என்று தெரிந்த ஒருவர் கூப்பிட்டார், போனேன். கரோல் பாக்கில் ஒரு லாட்ஜ், கீழே பேட்டரி ரிக்ஷா சத்தம், அறையில் கட்டில் மேல் ஆறு பேர். அதில் ஒரு அம்மா பிளாஸ்டிக் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மெத்தையில் பரப்பினார். படகின் பதிவுச் சான்று, டீசல் மானியப் புத்தகம், கூட்டுறவு சங்க அட்டை, நகைக்கடன் ரசீது மூன்று, படகுக்குப் புதுப் பெயின்ட் அடித்த அன்றைக்கு எடுத்த போட்டோ. வீட்டுக்காரர் ஆறே வாரத்தில் விடுதலையாகி வந்துவிட்டாராம். படகு மயிலிட்டியில் கிடக்கிறதாம், அரசுடைமை ஆக்கிவிட்டார்களாம். “ஆளை விட்டுர்றாங்க சார், போட்டை விடமாட்டேங்குறாங்க. போட்டு இல்லாம ஆளு வந்து என்ன பண்றது?” என்றார். அப்புறம், “புது ஜனாதிபதி வந்திருக்காராமே, அவரு விடுவாரா?” என்று கேட்டார்.

நான் பார்க்கலாம்மா என்று சொல்லிவிட்டு மனுவை எழுதினேன். சரியான பதிலை அந்த லாட்ஜில் சொல்லியிருந்தால் அவர் அழுதிருப்பார். உங்களுக்குச் சொல்கிறேன்: இவர் விடுவது முன்னால் இருந்தவர்களைவிடக் கஷ்டம்.

இதற்குக் காரணம் ஓட்டுக் கணக்குதான். ராஜபக்சக்களுக்கு யாழ்ப்பாணத்தில் இழக்கப் பெரிதாக ஓட்டு கிடையாது. திசாநாயக்கவுக்கு முந்திய அதிபரான ரணிலுக்குக் கொஞ்சம் இருந்தது, அதுவும் முதலிடம் தருகிற அளவுக்கு இல்லை. ஆகவே பாக் நீரிணையில் படகைப் பிடிப்பதும் விடுவதும் அவர்களுக்கு தில்லியோடு பேசும் பேரத்தில் ஒரு காய். பிரதமர் வருகிறாரா, பத்துப் படகை விடு. உறவு கசக்கிறதா, இருபதைப் பிடி. திசாநாயக்கவின் கதை வேறு. 2024 செப்டம்பர் அதிபர் தேர்தலில் யாழ்ப்பாணத்துக்காரர்கள் அவரைச் சீண்டவே இல்லை, அங்கே முதலிடம் சஜித் பிரேமதாசாவுக்கு. தமிழ்ப் பொது வேட்பாளர் என்று நின்ற அரியநேத்திரனும் நாடு முழுக்கச் சேர்த்து இரண்டு லட்சத்துக்கு மேல் ஓட்டுப் பிரித்தார். ஆனால் எட்டு வாரத்துக்குள் நவம்பர் 14 நாடாளுமன்றத் தேர்தலில், யாழ்ப்பாணத்தின் ஆறு இடத்தில் மூன்றை, ஜே.வி.பி. தலைமையில் அமைந்த திசாநாயக்கவின் தேசிய மக்கள் சக்திக் கூட்டணி எடுத்தது. தெற்கிலிருந்து வந்த கட்சி ஒன்று அங்கே தமிழ்க் கட்சிகளை முந்தியது அதுவரை நடக்காத காரியம். அடுத்த மே மாதம் உள்ளாட்சித் தேர்தலில் தமிழரசுக் கட்சி திரும்ப எழுந்துகொண்டது. ஆக யாழ்ப்பாணத்தில் அவருக்கு இப்போது பிடித்து வைத்துக்கொள்ள ஓட்டு இருக்கிறது, பறிகொடுக்கும் பயமும் இருக்கிறது. அந்த ஓட்டில் கரையோரத்து ஓட்டும் உண்டு. அவருடைய மீன்வள அமைச்சர் இராமலிங்கம் சந்திரசேகர் தமிழர். பருத்தித்துறையிலும் குருநகரிலும் மீனவர் சங்கத்தார் அமைச்சரை நேரில் பிடித்து, எங்கள் பாஷையிலேயே, ரோலரை நிறுத்து என்கிறார்கள். அவர் என்ன செய்வார்?

‘ரோலர்’ என்று அவர்கள் சொல்வது, கடலடியோடு வலையை இழுத்துப் போகும் நம் இழுவை மடிப் படகைத்தான். போர்க் காலத்தில் அந்தக் கரை மீனவர்களுக்குக் கடலுக்குப் போகத் தடை, கரையைச் சுற்றிக் கடற்படை. 2009க்குப் பிறகு கடன் வாங்கிக் கண்ணாடியிழைப் படகும் வலையும் வாங்கி இறங்கினால், ராத்திரி நம் ஊர் விசைப்படகுகள் வந்து வலையைக் கிழித்துக்கொண்டு போகின்றன. நம் படகு கிளம்பும் நாளில் அவர்கள் வலை போடுவதில்லை. 2017இல் இலங்கை அடிமடி இழுவையைச் சட்டம் போட்டே தடுத்தது, அவர்கள் நாட்டுப் படகுக்கும் சேர்த்து. 2018இல் வெளிநாட்டுப் படகுக்கு அபராதத்தைக் கோடிகளுக்கு ஏற்றினார்கள். அந்தச் சட்டத்துக்காக நின்றவர்களில் தமிழ் மீனவர்களும் தமிழ் எம்.பி.க்களும் உண்டு. இதை நீங்கள் எந்த மேடையிலும் சொல்வதில்லை. இலங்கைக் கடற்படையின் அட்டூழியம் என்பதோடு பேச்சு நின்றுவிடும். அட்டூழியம் இல்லை என்று நான் சொல்லவில்லை. 2024 ஆகஸ்ட் முதல் தேதி கடற்படைக் கப்பல் மோதி நம் மீனவர் ஒருவர் செத்தார். 2025 ஜனவரியில் நெடுந்தீவுப் பக்கம் சுட்டதில் காயம்பட்டார்கள், தில்லி இலங்கையின் பொறுப்புத் தூதரைக் கூப்பிட்டுக் கண்டித்தது. அதுவும் இதே புதிய அதிபர் காலத்தில்தான். துப்பாக்கிச்சூட்டைக் கண்டிக்கிற அதே வாயால் அடிமடி இழுவைக்கு ஒரு முடிவு தேதியையும் சொல்லுங்கள். அதைச் சொல்லாதவரை உங்கள் பேச்சை யாழ்ப்பாணத்திலும் எடுபட விடமாட்டார்கள், கொழும்பிலும் எடுபடாது.

ராமேஸ்வரத்திலேயே விசைப்படகுக்கு வாரம் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று பங்கு பிரித்துத்தானே வைத்திருக்கிறார்கள்? ஏன்? ஒரே நாளில் இறங்கினால் நாட்டுப்படகுக்காரன் வலை மிஞ்சாது. நம் கரையில் நாமே ஒத்துக்கொண்ட நியாயம், எல்லைக் கோடு தாண்டியதும் மறந்துபோகிறது.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. 2017இல் மத்திய அரசு ஒரு திட்டம் போட்டது. பாக் நீரிணை இழுவைப் படகைக் கொடுத்துவிட்டு ஆழ்கடல் படகு வாங்கிக்கொள்ளலாம். ஒரு படகு 80 லட்சம். மத்திய அரசு 40, மாநில அரசு 16, வங்கிக் கடன் 16, மீனவர் கையிலிருந்து 8. மூன்று வருஷத்தில் 2,000 படகு என்றார்கள். வந்தது அதில் மிகச் சொற்பம். காகிதத்தில் பார்த்தால் நல்ல திட்டம். படகுக்காரர் பக்கம் உட்கார்ந்து பார்த்தால் ஏன் ஓடவில்லை என்று தெரியும். எட்டு லட்சம் ரொக்கம் யாரிடம் இருக்கிறது? வங்கி பதினாறு லட்சத்துக்கு ஈடு கேட்கும். பழைய படகை உடைக்கக் கொடுத்துவிட வேண்டும். அது போக, இன்றைக்கு இறங்கி நாளைக்குக் கரை சேருகிற தொழிலிலிருந்து, சூரை மீனுக்காக ஆயிரங்கால் தூண்டிலோடு வாரக்கணக்கில் கடலில் கிடக்கும் தொழிலுக்கு மாற வேண்டும். பாக் நீரிணை ஆழமில்லாத கடல், ஒரு பனைமரத்தை நட்டால் பல இடத்தில் தலை வெளியே தெரியும். அங்கே பழகியவனை வங்காள விரிகுடா நடுவுக்குப் போ என்றால், சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும், ஐஸ் வேண்டும், மீனை வாங்கிக்கொள்ள வியாபாரி வேண்டும். இதையெல்லாம் அந்த ஏழு வருஷமும் ஒரு பொறுப்பாக எடுத்துச் செய்திருந்தால் புதிய அதிபரிடம் தில்லி நெஞ்சு நிமிர்த்தி, எங்கள் இழுவைப் படகு இத்தனை குறைந்திருக்கிறது, மீதிக்கு இத்தனை வருஷம் கொடுங்கள் என்று கேட்டிருக்கலாம். 2024 டிசம்பரில் தில்லியில் நின்றுகொண்டே, அடிமடி இழுவை எங்கள் மீன்வளத்தை அழித்துவிடும், நிறுத்துங்கள் என்று திசாநாயக்க சொன்னார். பதிலுக்குச் சொல்ல நம்மிடம் மனிதாபிமானம் ஒன்றுதான் இருந்தது.

இப்போது என் பழைய மேசைக்கு வருகிறேன். உங்கள் கேள்வி பதினைந்து நாள் முன்னால் எங்களிடம் வரும். நட்சத்திரக் கேள்வி, அதாவது அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி என்றால் பிரிவு முழுக்கப் பரபரப்பு. மக்களவையில் ஒரு நாளைக்கு இருபதுதான், அதிலும் வாய்மொழிப் பதில் கிடைப்பது முதல் சிலவற்றுக்கு. பரபரப்பு ஏன் என்றால், நீங்கள் எழுந்து துணைக் கேள்வி கேட்பீர்கள், அமைச்சர் அந்த இடத்திலேயே பதில் சொல்ல வேண்டும். அதற்காக நாங்கள் நாற்பது ஐம்பது பக்கத்துக்குக் குறிப்பு தயார் செய்து, நிறம் நிறமாகச் சீட்டு ஒட்டி, அதிகாரிகள் மாடத்தில் போய் உட்காருவோம். அந்த நாற்பது பக்கம் தயாராகும்போதுதான் ஒரு துறைக்குத் தன் திட்டம் ஓடவில்லை என்பதே கண்ணில் படும். கோப்பு தூசி தட்டப்படும். மாநிலத்துக்கு நினைவூட்டல் போகும். சில தடவை பணம்கூட அசையும். கேள்வியின் பலன் பதிலில் இருப்பதைவிட அந்தத் தயாரிப்பில் அதிகம்.

ஆனால் உங்களிடமிருந்து வருவது பெரும்பாலும் ஒரே கேள்வி. இந்த வருஷம் எத்தனை மீனவர் கைது, எத்தனை படகு பறிமுதல், அரசு எடுத்த நடவடிக்கை என்ன. அதற்குப் பதில் எழுத அரை மணி நேரம் போதும். போன கூட்டத்தொடர் பதிலை எடுத்து எண்ணை மாற்றினால் முடிந்தது. கடைசி வரி தூதரக வழியில் தொடர்ந்து எடுத்துரைக்கப்படுகிறது. 2024இல் 500 பேருக்கு மேல் கைதானார்கள், அத்தனை கைதுக்கும் அதே கடைசி வரி. அப்புறம் கச்சத்தீவு. ஒவ்வொரு தேர்தலிலும் அதை ஒருவர் மாற்றி ஒருவர் எடுக்கிறீர்கள், பிரதமரே 2024 மார்ச்சில் எடுத்தார். 1974 ஒப்பந்தம் 285 ஏக்கர் தீவைப் பற்றியது. படகு பிடிபடுவது பெரும்பாலும் அதையும் தாண்டி, நெடுந்தீவுக்கும் காங்கேசன்துறைக்கும் பக்கத்தில். 2025 செப்டம்பர் முதல் தேதி திசாநாயக்க கச்சத்தீவில் போய் இறங்கினார். அந்த நாட்டு அதிபர் ஒருவர் அங்கே காலடி வைத்தது முதல் தடவை என்று செய்தி வந்தது. நம் மேடைப் பேச்சுக்கு அவர் தன் ஊர் ஓட்டருக்குக் கொடுத்த பதில் அது. நாம் அவருக்கு ஓட்டுச் சேர்த்துக் கொடுக்கிறோம், வேறென்ன?

மீனவர் பிரச்சினையைத் தவிர இன்னும் இரண்டு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வட மாகாண சபைக்கு 2013இல் தேர்தல் நடந்தது, 2018இல் காலம் முடிந்தது, பிறகு ஆளுநர் ஆட்சி. மாகாண சபைத் தேர்தலை நடத்துங்கள் என்று மோடி திசாநாயக்கவை வைத்துக்கொண்டே சொன்னார், நல்லது. ஆனால் நாடாளுமன்றத்தில் 225க்கு 159 இடம் வைத்திருக்கும் அரசுக்கு இது மனசு வைத்தால் முடிகிற வேலை, மனசு வைக்காவிட்டால் 2029 வரை தள்ளிப்போகிற வேலை. அப்புறம் தமிழ்நாட்டு முகாம்களில் இன்னும் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட ஈழத் தமிழர். அங்கே பிறந்து கல்லூரி முடித்தவர்களுக்கு இந்தியக் குடியுரிமையும் இல்லை, திரும்பிப் போனால் நிலம் இருக்கிறதா என்றும் தெரியாது. கொழும்பில் அதிபர் மாறும் ஒவ்வொரு முறையும் இவர்கள் தலைவிதி இந்த வருஷம் மாறுமா என்று டி.வி. பார்க்கிறார்கள். நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் 2023இல் ஓட ஆரம்பித்தது. திரும்பிப் போக நினைப்பவர்களின் நில ஆவணம், பள்ளிச் சான்றிதழ், படகுப் பயணம் மூன்றையும் ஒரே மேசையில் முடித்துத் தரச் சொல்லி யார் கேட்கப் போகிறீர்கள்?

ஆர்.கே.புரம் மலை மந்திரில் கிருத்திகை அன்றைக்கு உங்களில் சிலரைப் பார்ப்பதுண்டு. எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் ஒரே வரிசையில் நின்று விபூதி வாங்கிக்கொண்டு, ஊர்ச் செய்தி பேசி, ஒரே காரில்கூடக் கிளம்பிப் போகிறீர்கள். வெளியில் தெரிந்தால் தொல்லை என்று சிரிப்பும் வருகிறது உங்களுக்கு. அந்த நட்பில் ஒரு மாலை நேரத்தை இதற்குக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். தமிழ்நாடு இல்லத்தில் ஓர் அறை போதும். கட்சிக்கு ஒருவர் வாருங்கள். விசைப்படகுச் சங்கத்தார், நாட்டுப்படகுக்காரர் இரண்டு தரப்பையும் கூப்பிடுங்கள். அவர்கள் ஒருவரை ஒருவர் கத்துவார்கள், கத்தட்டும். பிறகு உங்களில் நாலைந்து பேர் யாழ்ப்பாணம் போய் அங்கத்திய சங்கங்களைப் பாருங்கள். இரண்டு கரை மீனவர்களும் 2010இலும் 2014இலும் நேரில் பேசியிருக்கிறார்கள், பேச்சைக் கைப்பிடித்துக் கொண்டுபோக அரசியல்வாதி யாரும் இல்லாமல் போனது. மீன்பிடிப் பிரச்சினைக்கு இரு நாட்டுக் கூட்டுப் பணிக்குழு என்று 2016இல் தொடங்கியது, அதன் ஆறாவது கூட்டம் புதிய அதிபர் வந்து ஐந்து வாரம் கழித்து, 2024 அக்டோபர் 29இல், கொழும்பில் நடந்தது. அதிகாரிகள் போனார்கள், வந்தார்கள். அதற்கு முன்னால் உங்கள் கருத்தை யாராவது கேட்டார்களா, அல்லது நீங்கள் எழுதியாவது கொடுத்தீர்களா?

இலங்கையில் அடுத்த அதிபர் வேட்பாளர்கள் 2028 கடைசியிலேயே தில்லிக்கு வந்துபோக ஆரம்பிப்பார்கள். அப்போது அவர்கள் சென்னையிலும் ஒரு நாள் இறங்க வேண்டும், இறங்கும்போது உங்கள் கையில் கட்சி வித்தியாசம் இல்லாமல் கையெழுத்துப் போட்ட ஒரு பக்கம் இருக்க வேண்டும். இழுவைப் படகு எந்த வருஷத்துக்குள் எத்தனை குறையும், அதற்கு ஈடாக அவர்கள் எத்தனை படகை எப்போது விடுவார்கள், கைதானவர்களை எத்தனை நாளில் கோர்ட்டில் நிறுத்துவார்கள் என்று எண் போட்டு எழுதிய பக்கம்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். வரப்போகும் கூட்டத்தொடருக்குக் கொடுப்பதற்கு ஒரு நட்சத்திரக் கேள்வியை நானே எழுதி வைத்திருக்கிறேன். பழைய கை, வழக்கம் விடவில்லை.

மீன்வளம், கால்நடை மற்றும் பால்வளத் துறை அமைச்சர் கூறுவாரா:

(அ) பாக் நீரிணை ஆழ்கடல் மீன்பிடித் திட்டம் 2017இல் தொடங்கியது முதல், ஆண்டுவாரியாக, ஒப்பளிக்கப்பட்ட படகுகள், கட்டி முடித்து மீனவரிடம் ஒப்படைத்த படகுகள், அவற்றில் இன்று தொழிலில் இருக்கும் படகுகள் எத்தனை;

(ஆ) திட்டத்தில் சேர்ந்து ஒப்படைத்து, உடைக்கப்பட்ட இழுவைப் படகுகள் எத்தனை;

(இ) வங்கிக் கடன் மறுக்கப்பட்ட விண்ணப்பங்கள் எத்தனை, மறுப்புக்கு வங்கிகள் சொன்ன காரணங்கள் யாவை;

(ஈ) இலங்கையில் அரசுடைமையாக்கப்பட்ட படகின் உரிமையாளர்கள் இத்திட்டத்தில் முன்னுரிமை பெற, பழைய படகை ஒப்படைக்கும் நிபந்தனையிலிருந்து அவர்களுக்கு விலக்கு தரப்படுமா. ஆம் எனில் எப்போது, இல்லை எனில் காரணம் என்ன?

(ஈ) பகுதியை யாரும் வெட்ட விடாதீர்கள். நீளமாக இருக்கிறது என்று செயலகத்தில் சொல்வார்கள். கரோல் பாக் லாட்ஜில் பார்த்த அம்மாவின் படகு போய்விட்டது, ஒப்படைக்கப் பழைய படகு இல்லை என்பதால் இந்தத் திட்டத்தில் அவருக்கு இடமே இல்லாமல் போகக் கூடாது. பதினைந்து நாள் அவகாசம் இருக்கும்படி நோட்டீஸ் கொடுங்கள், குலுக்கலில் விழாவிட்டால் அடுத்த வாரமும் கொடுங்கள். துணைக் கேள்விக்கான குறிப்பு வேண்டுமானால் தமிழ்நாடு இல்லத்து வரவேற்பறையில் சொல்லி வையுங்கள், வந்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிரிவு அலுவலர் ஒருவர்
மயூர் விஹார், தில்லி